மூக்கு மேலே பார்த்த வேன்

ஹந்தானை மலை ரோட்டில் வாகனம் வைத்திருப்பவனுக்கு எந்தப் பள்ளிவாசலிலும் பயான் பண்ணாத ஒரு கடமை உண்டு. எங்கே நிறுத்தினாலும் வாகனத்தின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டும், டயருக்கு ஒரு கல்லும் கொடுக்க வேண்டும். பெட்டரி செத்துப்போனாலும் மலை சாகாது பாருங்கள். கல்லை எடுத்தால் வாகனம் தானாக உருளும், கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் நாலு இருமல் இருமிக்கொண்டு கிளம்பிவிடும். மர்சூக்கின் பழைய டீசல் வேன் வாரத்தில் பாதி நாள் அப்படித்தான் கிளம்பியது. அதை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை.

அந்த வேனின் தலையில்தான் மகளைக் கட்டிய மருமகன் முஸ்அப் கொடுத்த கோப்பி மெசினும் வந்து விழுந்தது. கட்டாரில் வேலை செய்யும் பொடியன், லீவில் வந்தபோது மாமிக்கு என்று ஆசையாகக் கொண்டுவந்தான். வீட்டுக் கரண்டில் சொகுசாக ஓட வேண்டிய சாமான். மர்சூக் அதைத் தூக்கிக்கொண்டு போய் வேனின் பின்கதவுக்குள் ஒரு பலகை அடித்து உட்கார வைத்துவிட்டார். மலை மேலே, ஊரெல்லாம் தெரிகிற வளைவில், பின்கதவைத் திறந்து வைத்துக் கோப்பி விற்பது அவர் தொழில். காஸ் அடுப்பு காற்றுக்கு நிற்காது. பிளாஸ்கில் கொண்டுபோகிற கோப்பியை கெம்பஸ் பிள்ளைகள் வாங்கி முகத்தைச் சுளிப்பார்கள். மெசின் கொப்பளித்துக் கறுப்பாகச் சொட்டுவதைக் கண்டால் அதே பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். பெட்டரியிலிருந்து தடித்த இரண்டு வயர், நடுவில் இன்வேட்டர் என்று ஒரு பெட்டி, அதிலிருந்து மெசின். அவ்வளவுதான் அவருடைய மின்சார சபை.

"முதல்ல சாவி, பொறகு சுவிச்சு," என்று அவர் மனைவி கைரியாவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். "எஞ்சின் ஓடக்குள்ளதான் மெசினப் போடோணும். இல்லாட்டி அது பெட்டரிட ரத்தத்த உறிஞ்சிரும்."

கைரியா தலையை ஆட்டுவாள். ஆனால் சாவியை மட்டும் தொட மாட்டாள். ஒருமுறை கியரில் கிடந்த வேனின் சாவியைத் தெரியாமல் திருகியதில், வேன் தவளை மாதிரி ஒரு பாய்ச்சல் பாய்ந்து பள்ளத்தோரம் போய் நின்றது. அன்றிலிருந்து அவளுக்கும் சாவிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பொதுவாகவே பயந்த மனுஷிதான். இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், சூடாகிற வயருக்குப் பயம். இதற்கெல்லாம் மேலே ஒரு பெரிய பயம் போன வருஷம் வந்து சேர்ந்தது. மகள் இல்மாவின் முதல் பிள்ளை. வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போது ரோட்டில் மண் சரிந்து கிடந்தது, வேன் கராஜில் கிடந்ததால் பிடித்து வந்த திரீவீலர் அந்தப் பக்கம் போக முடியாமல் திரும்பியது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு மூச்சில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்னப் பொதியை மர்சூக் வாங்கிக்கொண்டு வந்ததைக் கைரியா பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் முழு ராத்திரி தூங்கியதில்லை.

இப்போது இல்மாவுக்கு மறுபடியும் மாதம் நிறைந்திருந்தது. அதனால்தான் அந்த லொடக்கு வேன் கைரியாவுக்கு உயிர். கிளம்புமோ கிளம்பாதோ, வாசலில் ஒரு வேன் நிற்கிறது என்ற நினைப்பில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு மழை பிடித்தது. அவர்களுடைய வீடு ஒரு மண் வெட்டுக்குக் கீழே இருந்தது. மழை வந்தால் உள்ளே இருக்காதீர்கள் என்று கிராம சேவகர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆகையால் மழை நாட்களில் குடும்பம் முழுவதும் வேனில். மர்சூக் வியாபாரத்துக்கு மேலே போனால் கைரியாவும் இல்மாவும் கூடவே போனார்கள். ரொட்டி, கட்ட சம்பல், சுடுதண்ணீர் பிளாஸ்க், பிள்ளைப்பேற்றுக்குக் கட்டி வைத்த உடுப்புப் பை, எல்லாம் சீட்டுக்கடியில். வருகிற ஞாயிறு இல்மாவைக் கீழே டவுனில் மர்சூக்கின் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

மேலே வளைவில் காற்று மலையிலிருந்து இறங்கி அடித்தது. திறந்த பின்கதவு வழியாகச் சாரல் நேரே உள்ளே வந்து இல்மாவின் கால்களை நனைத்தது.

"இல்மாட வாப்பா, சாரல் முழுக்க புள்ளேட மேலுக்கு அடிக்கிது," என்றாள் கைரியா. "வேனத் திருப்பிப் போடுங்களே."

"திருப்பினா மூக்கு மேல பாக்குமே, கைரியா."

"மூக்கு எங்க பாத்தா என்ன? தொழுவுறதுக்கு அது என்ன கிப்லாவா?"

மர்சூக் சிரித்துவிட்டார். சிரித்ததுதான் பிழை. கொஞ்சம் யோசித்தார், மகளின் ஈரக் காலைப் பார்த்தார், கீழே ரோடு அகலமாக இருந்த இடம் வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து மூக்கு மேலே பார்க்க நிறுத்தினார். பின்சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு கல் கொடுத்தார்.

எதிரே தகரக் கூரைக்கடியில் சின்னமுத்து சோளம் அவித்துக்கொண்டிருந்தான். மேலே தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவன். தோட்டத்தில் வேலை இல்லாத நேரம் இங்கே மூன்று கல்லும் ஒரு பானையுமாகக் கடை போடுவான்.

"என்னா நானா, இன்னிக்கி வேனு மலையேறப் போகுதா?" என்று கேட்டான். மர்சூக்கை அவன் அண்ணன் முறை வைத்து நானா என்பான்.

"புள்ள நனையிது, சின்னமுத்து."

"நானா, ஒங்க மெசினுக்கு வயரு, பெட்டி, பெட்டரி. எனக்குப் பாருங்க, வெறகு. எங்க போட்டாலும் எரியும்."

"ஈர வெறகு எரியுமா?"

"பொகையும்," என்று சொல்லிச் சிரித்தான் சின்னமுத்து.

அஸர் தொழுகை நேரம் வந்தது. மழை சற்று விட்டு, பனி வந்து ரோட்டை மூடியது. வளைவுக்கு அப்பால் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகை ஒன்று உண்டு. ஈரம் படாத தரை. மர்சூக் வழக்கமாக அங்கேதான் தொழுவார். சாவியை வேனிலேயே விட்டுவிட்டு முசல்லா விரிப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து பிள்ளைகள் வந்தார்கள். மலையேறப் போய் மழையில் அகப்பட்டுக்கொண்ட கெம்பஸ் கூட்டம். எல்லாரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைக்குப் பல் கிட்டிக்கொண்டது.

"ஆன்ட்டி, சூடா ஏதாவது இருக்கா?"

ஜக்கில் சொட்டுக் கோப்பி இல்லை. பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரை இல்மா குடித்து முடித்திருந்தாள். கைரியா அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தாள். நிறைமாதப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுங்கி நிற்கிற ஒருத்தியை இல்லை என்று அனுப்புவதா? அவள் வாயிலிருந்து ஒரு துஆ வந்தால் அது இல்மாவுக்குத்தானே சேரும்? மனம் நொந்து போனால் அதுவும் இல்மாவைத்தானே பிடிக்கும்?

முன்சீட்டுப் பக்கம் போய்ச் சாவிக்கு அருகே கையைக் கொண்டு போனாள். கை அந்தரத்தில் நின்றது. பள்ளம் இப்போது வேனின் பின்னால் இருந்தது. வேன் பாய்ந்தால்? உள்ளே இல்மா இருக்கிறாளே. கையை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்து மெசினில் தண்ணீர் ஊற்றினாள், தூள் போட்டாள். வீட்டுத் தோட்டத்துக் கோப்பிக் கொட்டையை அவளே வறுத்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த தூள். சுவிச்சைப் போட்டாள்.

"உம்மா, வாப்பா எஞ்சினப் போட்டுத்தானே இதப் போடுற?" என்றாள் இல்மா.

"இந்தக் கொஞ்சத்துக்கு ஒண்டும் ஆகா, மகள்."

ஒரு ஜக் இறங்கியது. பிள்ளைகள் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குடித்தார்கள். எல்லாருக்கும் ஒரு ஜக் காணவில்லை. இன்னொரு ஜக் போட்டாள். பாதியில் இன்வேட்டர் பெட்டி கீ கீ என்று கத்தத் தொடங்கியது. அவள் திடுக்கிட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி அடங்கியது. அரை ஜக் கோப்பி மிஞ்சி இருந்தது. "ஆன்ட்டி, நீங்க நல்லா இருக்கணும்," என்று அந்தப் பெண்பிள்ளை சொல்லிவிட்டு மற்றவர்களோடு குறுக்குப் பாதையில் இறங்கிப் பனிக்குள் மறைந்தாள்.

அந்தச் சொல் கைரியாவின் காதில் இனித்துக்கொண்டிருக்கும்போதே இல்மா, "உம்மா," என்றாள். ஒரு மாதிரியான குரல்.

திரும்பிப் பார்த்தாள். இல்மா சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கீழே வேனின் தரை நனைந்து, அந்த ஈரம் கதவு வரை ஓடியது. மழைத்தண்ணீர் இல்லை.

"தண்ணிக்குடம் ஒடஞ்சிட்டு உம்மா."

"யா அல்லாஹ்!" கைரியா ரோட்டுக்கு ஓடிப் பனியைப் பார்த்துக் கத்தினாள். "இல்மாட வாப்பா! கெதியா வாங்க! இல்மாட வாப்பா!"

மர்சூக் தொப்பி கழல ஓடிவந்தார். ஏறி உட்கார்ந்து பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினார்.

டிக்.

மறுபடி திருகினார். அந்த டிக்கும் இல்லை. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு சோகை பிடித்தது போல் ஒருமுறை எரிந்து அணைந்தது.

நான்தான், நான்தான் என்று கைரியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. மர்சூக் சீட்டுக்கு நடுவே இருந்த எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து, வழியை மறித்த கோப்பி ஜக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார். கையை உதறிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தார்.

போனில் ஒரு கோடும் இல்லை. மழைக்கு எங்கோ டவர் படுத்திருந்தது.

"சின்னமுத்து!"

சின்னமுத்து அதற்குள் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தான். இல்மாவை ஒரு பார்வை பார்த்ததும் அவனுடைய சிரிப்பெல்லாம் ஓடிவிட்டது.

"லயத்துக்குப் போயி ஆளுங்கள கூட்டியாரட்டா நானா? தள்ளிறலாம்."

"ஏறிப் போய் எறங்கி வர எவ்வளவு நேரம்?"

"இந்த மழையில..." என்று அவன் இழுத்தான்.

அந்த நேரம் மேலே எங்கேயோ மண் நழுவி, சிறுகற்கள் தேயிலைச் செடிகளுக்குள் விழுகிற சத்தம் சரசரவென்று கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சத்தம் நின்றது. நின்றதுதான் கைரியாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. அந்த வெள்ளைப் பொதி அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"வாப்பா, எனக்கு ஏலா," என்று உள்ளே இல்மா முனகினாள். "போன முறை மாதிரி..."

"அப்பிடிச் செல்லாதீங்க மகள்! அந்தப் பேச்சையே செல்ல வாணாம்!" என்றார் மர்சூக். ரோட்டின் இறக்கத்தைப் பார்த்தார். வேனின் மூக்கைப் பார்த்தார். "பின்னுக்கு உருட்டுவம்," என்றார்.

"ரிவஸ்லயா?" என்றான் சின்னமுத்து. "நானா, எஞ்சின் ஓடாம பிரேக்கு புடிக்காதே. கல்லு மாதிரி இருக்குமே. கீழ அந்த வளைவு முடக்குல ஒரு பக்கம் ஒண்ணுமே இல்லையே!"

"தெரியும். வேற என்ன வழி ஈக்கி? நீ செல்லு."

சின்னமுத்து குனிந்து ஒரு பெரிய கல்லைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். "நான் கூடவே ஓடியாறேன். மீறிப் போச்சுன்னா டயருக்குப் போட்டுர்றேன்."

மர்சூக் மனைவியிடம் வந்தார். "கைரியா, கண்ணாடியில எனக்கு ஒண்டும் தெரியா. முழுக்கப் பனி. நீங்க பின்கதவுல முட்டி போட்டு ரோட்டப் பாத்துச் செல்லோணும்."

"நான் செல்லவா? எனக்கு... எனக்கு வலது இடதே தடுமாறும்."

"வலது இடது செல்லாதீங்க. மலை, பள்ளம். அவ்வளவுதான். மலைப்பக்கம் வளைக்கோணுமெண்டா மலை. பள்ளப்பக்கம் எண்டா பள்ளம். கத்திச் செல்லுங்க."

கைரியா பின்கதவில் முட்டி போட்டாள். ஒரு கையால் கதவுச் சட்டத்தையும் மறுகையால் இல்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அந்த மெசின். சின்னமுத்து காலால் இரண்டு கல்லையும் தட்டிவிட்டான். வேன் ஒரு முனகலோடு பின்னுக்கு நகர்ந்தது.

எஞ்சின் சத்தம் இல்லாமல் வேன் உருளுவது எப்படி இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை. டயர் ஈரத்தில் உரசுகிற சத்தம், சின்னமுத்துவின் மூச்சு, இல்மாவின் முனகல், அவ்வளவுதான். ரோடு பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவளிடம் வந்தது. வலப்பக்கம் புல், புல்லுக்கு அப்பால் வெறும் வெள்ளை.

"மலை!" என்று கத்தினாள். "மலை! இன்னும் மலை!"

வேன் மலைப்பக்கம் சாய்ந்தது. வேகம் பிடித்தது.

"பள்ளம்! கொஞ்சம் பள்ளம்! காணும், அவ்வளவு காணும்!"

மர்சூக் கிளட்சை விட்டார். வேன் முழுவதும் குலுங்கி முக்கியது. எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கியது. குலுக்கலில் மெசின் பலகையிலிருந்து கிளம்பி அவள் தோளில் இடித்து ரோட்டோரப் புல்லில் போய் விழுந்தது. ஜக் நொறுங்கிச் சூடான கோப்பி அவள் கையில் தெறித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"வாப்பா!" என்று இல்மா அலறினாள்.

"ஒண்டுமில்ல மகள், இன்னொருக்கா!" என்று முன்னாலிருந்து மர்சூக் கத்தினார். அவர் குரல் அழுகிறது போல் இருந்தது. கிளட்சை அழுத்தினார். வேன் மறுபடி ஓடத் தொடங்கியது.

முடக்கு வந்துவிட்டது. கைரியா அதைக் கண்டாள். ரோடு மலைப்பக்கம் மடிந்து போனது. நேரே போனால் புல், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பயம் வரும்போதெல்லாம் அவள் அதைத்தான் செய்தாள். இன்றைக்கு மூடினால் நாலு உயிர்.

"மலை! மலை! மலை! யா அல்லாஹ், மலை!"

ஒரு சக்கரம் புல்லில் ஏறியது. சின்னமுத்து கல்லோடு குறுக்கே பாய்ந்தான். அதே நேரம் மர்சூக் கிளட்சை விட்டார். வேன் தூக்கிப் போட்டது, இருமியது, மறுபடி இருமியது, பிறகு கரும்புகையைக் கக்கிக்கொண்டு கடகடவென்று உறுமியது. பிரேக்கும் பிடித்தது. பின்சக்கரம் சின்னமுத்து போட்ட கல்லில் முட்டி நின்றது.

சின்னமுத்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு எழும்பி, கல்லைக் காலால் தள்ளிவிட்டு, "நிக்காதீங்க, போங்க நானா, போங்க!" என்று வேனின் பக்கத்தில் ஓங்கித் தட்டினான்.

கீழே அகலமான இடத்தில் திருப்பி, மூக்கை இறக்கத்துக்கு வைத்து, மர்சூக் விட்டார் பாருங்கள், அந்த வேன் பிறந்த காலத்திலும் அப்படி ஓடியிருக்காது. வழியெல்லாம் கைரியாவின் கண் ரோட்டில்தான். எந்த முடக்கில் மண் கிடக்குமோ, எந்த முடக்கில் திரும்பச் சொல்வார்களோ என்று. மண் இருந்தது, அரை ரோட்டுக்கு. மீதி அரையில் வேன் போனது. இல்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் கலிமாவைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஹந்தானை ரோடு இறங்கி முடிகிற இடத்திலேயே பெரியாஸ்பத்திரி. இல்மாவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு போனார்கள். கைரியா பின்னாலேயே ஓடினாள். மர்சூக்கால் இறங்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே மட்டத்தரையில் வேன். நிறுத்தினால் மறுபடி பிடிக்குமா என்று தெரியாது, உருட்டுவதற்கு அங்கே மலையும் இல்லை. இன்னும் என்ன அவசரம் வருமோ, எங்கே ஓட வேண்டி வருமோ. அவர் எக்ஸிலேட்டரில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

கைரியா வெளியே வந்தபோது டவுன் பள்ளியில் மஃரிப் பாங்கு ஓய்ந்திருந்தது. அவள் நடந்து வந்த விதத்தைப் பார்த்து மர்சூக்கின் முகம் சுண்டிப்போனது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"செல்லுங்க கைரியா. என்னெண்டாலும் செல்லுங்க."

"பொம்புளப் புள்ள," என்றாள். "அழுதிச்சி. நல்லா அழுதிச்சி. ரெண்டு பேரும் சொகம்."

மர்சூக் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"முஸ்அப் இல்லையே. நீங்கதான் புள்ளேட காதுல பாங்கு சொல்லோணும். நர்சம்மா அஞ்சி நிமிசம் வரச் செல்லீக்கிறா. இப்பவே போகோணும்."

அவர் கதவைத் திறந்தார். கேட்டிலிருந்த காவலாளி குறுக்கே வந்து, ஆளில்லாத வேனை இப்படி ஓடவிட்டுப் போக முடியாது, எஞ்சினை நிறுத்திவிட்டுப் போங்கள் மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னான். நிறுத்தினால் பிடிக்காது என்று மர்சூக் அவனுக்கு விளக்கத் தொடங்கினார். அவன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

"நான் ஈக்கிறன்," என்றாள் கைரியா.

"நீங்களா?"

"கால எங்க வைக்கிற?"

மர்சூக் அவளைப் பார்த்தார். பிறகு இறங்கி, கியர் விழவில்லை என்று ஆட்டிப் பார்த்து, கைபிரேக்கை இழுத்து, அவளை ஏற்றினார். "இதுல. சத்தம் கொறஞ்சா மெதுவா மிதிங்க. வேறொண்டையும் தொட வாணாம்."

அவள் காலை வைத்தாள். அவர் திரும்பிப் போகப் போனபோது, "ஒரு விசயம்," என்றாள். "பெட்டரிய... நான்தான். அந்தப் புள்ளையளுக்கு ரெண்டு ஜக் போட்டன். சாவியத் தொடப் பயத்துல..."

"தெரியும்."

"எப்பிடி?"

"எஞ்சின் பச்சத் தண்ணி மாதிரி குளுந்து கெடந்திச்சி. ஜக் கையச் சுட்டிச்சே."

"அப்பவே தெரியுமா? ஏன் ஒண்டும் செல்லல்ல?"

"செல்லீந்தா நீங்க அழுதீப்பீங்க," என்றார் மர்சூக். "எனக்கு ஒங்கட சத்தம் ஓணும், கைரியா." சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு ஓடினார்.

கைரியா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். சாவி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மழை மறுபடி தூறத் தொடங்கியது. காவலாளி குடையோடு வந்து ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அம்மாவுக்கு வேன் ஓட்டத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"தெரியா," என்றாள் அவளும் சிங்களத்தில். "நிக்காமப் பாத்துக்கொள்ளத் தெரியும்."

மேலே அந்தச் சின்னக் காதில் பாங்கு தொடங்கியிருக்குமா, முடிந்திருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது. பிஸ்மி சொல்லி மிதித்தாள்.